46.9 சதவீதத்தோடு பரங்கிமலைக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படித்த மாணவர். பத்தாம் வகுப்பில் 500-க்கு 412. பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 322. பி.எஸ்ஸி.யில் 46.9 சதவீதம், அதுவும் ஏழு அரியர் வைத்து, மூன்று ஆண்டுப் படிப்பை நான்காம் ஆண்டில் முடித்தார். இன்று அவர் சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் (ஓ.டி.ஏ.) அரசு செலவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கிறார்.

நான் அந்தக் கல்லூரியில் ஆசிரியர். தேசிய மாணவர் படைப் (என்.சி.சி.) பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மாணவரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இதை மதிப்பெண் இல்லாதவன் ஜெயித்த கதையாகச் சொல்லிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்து வரும் மாணவருக்கு அதனால் ஒரு பயனும் இருக்காது. குறைந்த மதிப்பெண் அவரை எங்கே தடுத்தது, எங்கே ஒரு பொருட்டாகவே இல்லை, எங்கே மறுபடி தலைதூக்கியது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

மதிப்பெண் எப்படிச் சரிந்தது

பத்தாம் வகுப்புவரை ஊரிலேயே தமிழ்வழிக் கல்வி. பதினொன்றாம் வகுப்புக்குப் பக்கத்து நகரத்தில் ஆங்கிலவழிப் பள்ளி. பாடத்தில் பாதி புரியவில்லை. புரியவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. கடைசி வரிசையில் இடம் பிடித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடின.

கல்லூரியில் வேறு மாதிரி. முதல் இரண்டு ஆண்டுகளும் என்.சி.சி. முகாம்களிலும் மைதானத்திலும் கழிந்தன. வருகைப்பதிவு குறைந்து, அபராதம் கட்டித்தான் தேர்வு எழுதினார். துணைப்பாடமான கணிதத்தில் மூன்று முறை தோல்வி. மூன்றாம் ஆண்டு முடிந்தபோது நான்கு தாள்கள் பாக்கி. நண்பர்கள் மேற்படிப்புக்கும் வேலைக்கும் போய்விட, இவர் ஊரில் ஒரு தண்ணீர் கேன் விநியோக ஏஜென்சியில் சேர்ந்து, அங்கிருந்தபடியே நவம்பர் தேர்வில் பாக்கியைத் தீர்த்தார்.

வீட்டில் பெரிய துயரம் எதுவும் இல்லை. அப்பா லாரி ஓட்டுநர். பணம் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அம்மா அடித்துத் திட்டிப் படிக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

எந்த நுழைவு மதிப்பெண் கேட்கிறது, எது கேட்கவில்லை

அவர் முதலில் என்னிடம் வந்தது, ராணுவ அதிகாரி ஆவதற்கான வழிகளில் ஒன்றான என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கத்தான். அந்த நுழைவில் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லை, நேராக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்குப் போகலாம். என்.சி.சி.யின் ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு வேண்டும். அது அவரிடம் இருந்தது. பட்டப்படிப்பில் மொத்தம் 50 சதவீதம் வேண்டும், அது இல்லை. முகாம்களுக்காக வகுப்பை விட்ட மாணவருக்கு, அந்த முகாம்களின் பலனான சான்றிதழைப் பயன்படுத்த 3.1 சதவீதம் குறைந்தது. ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மற்றவற்றையும் வரிசையாகப் பார்த்தோம். விமானப்படையின் ஏ.எஃப்.கேட். தேர்வு பட்டத்தில் 60 சதவீதம் கேட்கிறது. கடற்படையின் பெரும்பாலான நேரடி நுழைவுகளும் 60 சதவீதத்தில் நிற்கின்றன. ராணுவச் சட்டப் பிரிவுக்குச் சட்டப் பட்டமும் அதில் 55 சதவீதமும் வேண்டும். தொழில்நுட்ப நுழைவுகள் பொறியாளர்களுக்கு உரியவை. அங்கும் விண்ணப்பங்கள் குவியும்போது சதவீதத்தை வைத்தே ஆட்களை வடிகட்டுகிறார்கள். இந்த இடங்களில் எல்லாம் மனவுறுதி, ஆளுமை என்று பேசிப் பயனில்லை. விண்ணப்பத்தைக் கணினியே தள்ளிவிடும்.

மிஞ்சியது யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு, அதாவது சி.டி.எஸ். அதில் ஓ.டி.ஏ.வுக்கான கல்வித் தகுதி ஒரே வரிதான்: அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம். எத்தனை சதவீதம், எத்தனை முறை எழுதித் தேறினீர்கள் என்ற கேள்வியே அந்த அறிவிப்பில் இல்லை. வயது ஏறத்தாழ 19 முதல் 25 வரை. ஒவ்வொரு அறிவிப்பிலும் பிறந்த தேதியாகவே வரம்பைக் கொடுப்பார்கள். எத்தனை முறை எழுதலாம் என்று தனி வரம்பும் இல்லை; வயது இடம்தரும்வரை எழுதலாம். விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதுவும் கிடையாது.

இன்னும் முக்கியமானது இறுதித் தரவரிசைக் கணக்கு. ஓ.டி.ஏ.வுக்கு ஆங்கிலம் 100, பொது அறிவு 100, எஸ்.எஸ்.பி. 200, ஆக மொத்தம் 400. கல்லூரி மதிப்பெண்ணுக்கு இந்த நானூறில் இடமே இல்லை. பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் வாங்கியவரும் 46.9 வாங்கியவரும் அங்கே பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இதை அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. “ஏதோ மறைத்து வைத்திருப்பார்கள், சார்” என்றார். அறிவிப்பை முழுதாகப் படிக்கச் சொன்னேன். பல பக்கங்கள் நீளும் ஆவணம் அது. நம் மாணவர்களில் பெரும்பாலானோர் அதைப் படிப்பதில்லை, வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பக்கச் சுருக்கத்தையே படிக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தில் எல்லா நுழைவுகளும் ஒன்றாகக் கலந்து ‘60% கட்டாயம்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிட்டவர்கள் எங்கள் கல்லூரியிலேயே உண்டு. இதே மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதியிருக்கலாம். அதன் ராணுவப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், குறைந்தபட்ச சதவீதம் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக அவருக்குச் சொல்ல ஆளில்லை. நான் அவரைப் பார்ப்பதற்குள் அந்த வயது தாண்டிவிட்டது.

பணம் யார் தருவது

“மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், சார்?” இது அவருடைய அப்பா கேட்ட முதல் கேள்வி. கல்லூரி என்றாலே ரசீதுப் புத்தகம் என்று பழகிய மனிதர். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, மாறாக மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை பையனுக்கே தருவார்கள் என்றதும், இது ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்துவிட்டார். அறிவிப்பில் அந்த வரியைக் காட்டி, அது அதிகாரிகளுக்கான பத்தாம் நிலை ஊதியத்தின் தொடக்கத் தொகைதான் என்று விளக்க வேண்டியிருந்தது. பயிற்சியை முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மேலாண்மை முதுநிலைப் பட்டயமும் உண்டு. இளநிலையில் ஏழு அரியர் வைத்தவருக்கு முதுநிலைப் பட்டயம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சொந்தக் காரணத்துக்காகப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால், பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பணி முதலில் 10 ஆண்டுகள். விரும்பினால், தகுதி இருந்தால், இன்னும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். இலவசப் படிப்பு என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வரும் பெற்றோரிடம் இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுத்துத் தேர்வு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வினாத்தாள்களை யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம், என்.சி.இ.ஆர்.டி.யின் பள்ளிப் பாடப் புத்தகங்களும் அப்படியே. மாவட்ட மைய நூலகத்தில் ஆங்கில நாளிதழ். ஆங்கிலம்தான் அவரைப் பயமுறுத்தியது. ஆனால் அந்தத் தாளில் கட்டுரை எழுதச் சொல்வதில்லை. பிழை கண்டுபிடி, கலைந்த வாக்கியத்தை வரிசைப்படுத்து, எதிர்ச்சொல் காண் என்று எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். பேசத் திணறுபவர்கூடப் பழக்கத்தால் தேறிவிடக்கூடிய தாள்.

ஒரு கணக்கை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். 120 வினாக்களுக்கு 100 மதிப்பெண். சரியான விடைக்கு 0.83, தவறான விடைக்கு 0.28 கழிவு. கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நான்கில் ஒன்று நிச்சயம் தவறு என்று தெரிந்து விலக்கிவிட்டாலே கணக்கு நம் பக்கம் சாயும். ‘தெரியாததைத் தொடாதே’ என்று பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வினாக்களை அவர் மாதிரித் தேர்வில் வெறுமனே விட்டுக்கொண்டிருந்தார். அதை நிறுத்தியதும் மதிப்பெண் ஏறியது. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமிக்கான கூடுதல் கணிதத் தாளையும் எழுதிப் பார்த்தார். அது கைகொடுக்கவில்லை. ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் பெயர் வந்தது.

முதல் எஸ்.எஸ்.பி.

மதிப்பெண் மறுபடி தலைதூக்கியது இங்கேதான்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். முதல் நாள் திரையிடல்: அறிவுத்திறன் தேர்வும், மங்கலான படத்தை அரை நிமிடம் பார்த்து நான்கு நிமிடத்தில் கதை எழுதி, குழுவாக விவாதிப்பதும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதால் மாணவர்களே அந்த விவாதத்துக்கு மீன் சந்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று மாலையே பெரும்பகுதியினர் பெட்டியோடு ரயில் நிலையம் திரும்பிவிடுவார்கள். தங்கியவர்களுக்கு அடுத்த நாள் உளவியல் தேர்வுகள், பிறகு இரண்டு நாள் மைதானத்தில் குழுப் பணிகள், இடையில் ஒரு நாள் தனி நேர்காணல், கடைசியில் எல்லா மதிப்பீட்டாளர்களும் சேர்ந்து உட்காரும் கான்ஃபரன்ஸ்.

நேர்காணலுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: பி.ஐ.க்யூ. எனப்படும் சுயவிவரப் படிவம். பத்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு படிப்பின் சதவீதமும் ஆண்டும் அதில் வரிசையாக இருக்கும். தேர்வுக் கணக்கில் சேராத அதே மதிப்பெண், நேர்காணல் அதிகாரியின் மேசையில் முதல் தாளாக இருக்கும். 82, 54, 47 என்று இறங்கிக்கொண்டே வரும் அந்த மூன்று எண்களை யார் பார்த்தாலும் கேட்கத்தான் செய்வார்கள்.

நகரத்துப் பயிற்சி மையம் ஒன்று இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தது. குறைந்த மதிப்பெண் வாங்கிய எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்: குடும்பத்தில் யாருக்காவது நோய். இவருக்கு அப்பாவின் நெஞ்சுவலியை ஒதுக்கினார்கள். தண்ணீர் கேன் வேலையை எழுத வேண்டாம், அதிகாரி ஆகப்போகிறவருக்கு அது மதிப்பாக இருக்காது என்றும் சொன்னார்கள். தொழில் என்ற கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டுப் போனார்.

நேர்காணலில் நடந்ததை அவர் எனக்கு இப்படிச் சொன்னார்:

“பன்னிரண்டாம் வகுப்பில் ஏன் இவ்வளவு குறைந்தது?”

“அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது, சார். நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன்.”

“எந்த மாதம்?”

“டிசம்பர், சார்.”

“அரையாண்டுத் தேர்வு நேரம். எழுதினீர்களா?”

“எழுதினேன், சார்.”

“அப்போது ஆஸ்பத்திரியில் யார் இருந்தது?”

“அம்மா, சார்.”

“அப்பா இப்போது என்ன செய்கிறார்?”

“லாரி ஓட்டுகிறார், சார்.”

“தொலைதூரமா?”

“ஆமாம், சார். நாசிக்வரை.”

“நெஞ்சுவலி வந்தவர் இரவும் பகலும் நாசிக்வரை லாரி ஓட்டுகிறார். மகன் வீட்டில் சும்மா இருக்கிறார். அப்படியா?”

அதிகாரி குரலை உயர்த்தவே இல்லையாம். அதன்பின் கேட்ட கேள்விகள் எதுவும் தன் காதில் விழவில்லை என்றார் மாணவர். கான்ஃபரன்ஸில் வெளியேறினார்.

எஸ்.எஸ்.பி. யாருக்கும் காரணம் சொல்வதில்லை. ஆகவே இந்தப் பொய்தான் அவரைத் தோற்கடித்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மைதானத்திலும் அவர் பின்தங்கியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். இல்லாத நெஞ்சுவலியைச் சொன்னதால், அந்த அறையில் அவரைப் பற்றிய உண்மை எதுவும் பேசப்படவே இல்லை. பாக்கித் தாள்களை வேலை பார்த்துக்கொண்டே தேறியது அவர் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம். அதற்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

இடைப்பட்ட மாதங்கள்

செப்டம்பர் சி.டி.எஸ். தேர்வையும் அவர் எழுதிவைத்திருந்தார். அதில் தேறியதால் அடுத்த அழைப்புக்குச் சில மாதங்கள் கிடைத்தன. பயிற்சி மையத்துக்குத் திரும்பப் போகவில்லை. ஏஜென்சி வேலையில் தொடர்ந்தார்.

என்னிடம் வந்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: மதிப்பெண் ஏன் குறைந்தது? முதலில் பள்ளியைச் சொன்னார், பிறகு ஆங்கிலவழியை, பிறகு வருகைப்பதிவு விதியை. எல்லாம் பாதி உண்மை. மீதிப் பாதி வர இரண்டு மூன்று சந்திப்புகள் ஆயின. அந்த நேரத்தில் பதிலைச் செதுக்கிக் கொடுக்கும் ஆசை எனக்கும் வந்தது. அதைச் செய்திருந்தால் நானும் இன்னொரு பயிற்சி மையம்தான்.

அவருடைய பயிற்சி நோட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. உளவியல் தேர்வில் அறுபது சூழ்நிலைகளுக்கு முப்பது நிமிடத்தில் ஒற்றை வரிப் பதில் எழுத வேண்டும். நான் கொடுத்த ஒரு சூழ்நிலை இது: ‘தேர்வில் தோற்றான். நண்பர்கள் கேலி செய்தார்கள். அவன்…’ முதல் எஸ்.எஸ்.பி.க்கு முன் அவர் எழுதியிருந்த பதில்: ‘இரவு பகலாக உழைத்து முதலிடம் பெற்றுக் கேலி செய்தவர்களை வாயடைக்க வைத்தான்.’ ஆறு மாதம் கழித்து அதே சூழ்நிலைக்கு: ‘ஜூனியர் வகுப்பில் அனுமதி கேட்டு உட்கார்ந்து, நவம்பரில் எழுதி 44 வாங்கித் தேறினான்.’ இரண்டாவது பதிலில் வீரம் குறைவு. ஆனால் அதை அவர் கற்பனை செய்யவில்லை. கணிதத்தில் நான்காவது முறை அவர் தேறியது அப்படித்தான்; தன்னைவிட இரண்டு வயது சிறியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, புரியாததை எழுந்து நின்று கேட்டு.

இரண்டாவது எஸ்.எஸ்.பி.

இந்த முறை தொழில் கட்டத்தில் தண்ணீர் கேன் ஏஜென்சி என்று எழுதி, சம்பளத்தையும் எழுதினார். முந்தைய எஸ்.எஸ்.பி. எங்கே, எப்போது, முடிவு என்ன என்பதையும் அந்தப் படிவம் கேட்கும், அதையும் நிரப்பினார்.

“மதிப்பெண் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது?”

“பள்ளியில் பாடம் புரியவில்லை, சார். கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.”

“கல்லூரியில்?”

“கல்லூரியில் புரிந்திருக்கும், சார். நான் வகுப்பில் இல்லை.”

அதிகாரி சிரித்துவிட்டாராம். பிறகு கேட்டார்: “வரைபடம் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். உங்களுக்குப் புரியவில்லை. மற்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?” கணித வகுப்பைச் சொன்னார். எந்த ஆசிரியர், எந்தப் பாடம், முதல் நாள் ஜூனியர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று தொடர்ந்து கேட்கக் கேட்க, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நடந்த விஷயம் என்பதால் யோசிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அதன்பிறகு பேச்சு தண்ணீர் கேனுக்குப் போனது. மதிப்பெண்ணுக்கு ஆன நேரத்தைவிட அதிக நேரம் அங்கேயே நின்றது. இந்தத் தொழிலில் தண்ணீரைவிடக் காலி கேன்தான் தலைவலி. வீடு மாறிப் போகிறவர்கள் கேனோடு போய்விடுவார்கள். கடைக்காரர்கள் இன்னொரு ஏஜென்சியின் கேனை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மாதம் முடிந்தால் முதலாளி விநியோகப் பையன்களிடம் பிடித்தம் செய்வார். இவர் தெருவாரியாக ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை கேன் நிற்கிறது என்று எழுதிவந்தார். கேன்களின் கழுத்தில் பெயின்டால் குறி வைத்தார். மூன்றாவது மாதம் பிடித்தம் நின்றது. கூட வேலை பார்த்த இருவர் நோட்டு எழுத மறுத்தபோது என்ன செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். “அவர்களுக்கு எழுத வராது, சார். எண்ணிக்கையைச் சொல்லச் சொல்லி நான் எழுதிக்கொண்டேன்.”

ஒரு சிறு குழுவை வைத்து, குறைந்த வசதியில், நாள்தோறும் ஒரு வேலையை முடிப்பதுதான் இளம் அதிகாரியின் வேலை. பயிற்சி மையம் மறைக்கச் சொன்ன கட்டத்தில்தான் அதற்கான சான்று இருந்தது. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

உண்மை பேசியதாலேயே தேர்வானார் என்று முடிச்சுப் போடுவதும் சரியல்ல. இரண்டாம் முறை என்பதால் மைதானப் பணிகள் பழகியிருந்தன. ஆங்கிலமும் கொஞ்சம் தேறியிருந்தது. குழுவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் முதல் முறை ஐந்து நாளும் ‘எப்போது பிடிபடுவோம்’ என்ற எண்ணத்தோடே திரிந்ததாகவும், இரண்டாம் முறை அந்தப் பாரம் இல்லை என்றும் அவர் சொன்னார். உளவியலாளர், மைதான அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கடைசி நாளில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இது. ஓரிடத்தில் நடித்தால் இன்னோரிடத்தில் விலகித் தெரியும். கான்ஃபரன்ஸ் முடிந்து தேர்வானவர்களின் மார்பு எண்களைப் படித்தபோது அவருடைய எண் அதில் இருந்தது.

காகிதங்கள்

எஸ்.எஸ்.பி.யின் பரிந்துரை (ரெக்கமண்டேஷன்) கிடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இனிமேல்தான் மருத்துவப் பரிசோதனை. கூடுதல் எடையும் காதில் மெழுகும் இருந்ததால் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினார்கள். மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கு 42 நாள் அவகாசம். எடையைக் குறைத்துக் காட்டித் தேறினார்.

பெயரில் ஒரு சிக்கல் வந்தது. இது தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கும் வரும் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து பின்னால். யு.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும். இவர் அப்படித்தான் எழுதியிருந்தார்; ஆனாலும் மற்ற ஆவணங்கள் பொருந்தாததற்கு உறுதிமொழிப் பத்திரம் வாங்க அலைந்தார். பாஸ்போர்ட்டுக்கு எப்படியும் இதைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே செய்துவிடச் சொல்லி இப்போது எல்லா மாணவர்களிடமும் நச்சரிக்கிறேன்.

பெரிய ஆபத்து பட்டச் சான்றிதழில் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களும் சி.டி.எஸ். எழுதலாம், ஆனால் குறித்த தேதிக்குள் பட்டம் பெற்றதற்கான சான்று போய்ச் சேர வேண்டும். இவருடைய அரியர் முன்பே தீர்ந்திருந்ததால் தற்காலிகச் சான்றிதழ் கையில் இருந்தது. எனக்குத் தெரிந்த இன்னொரு மாணவர், இவரைவிட நல்ல மதிப்பெண், எஸ்.எஸ்.பி.யிலும் முதல் முறையே ரெக்கமண்ட் ஆனவர். ஒரே ஒரு அரியர் நின்றிருந்தது. ஏப்ரலில் எழுதினார், முடிவு வருவதற்குள் தேதி கடந்துவிட்டது. சதவீதம் கேட்காத நுழைவும் பட்டத்தைக் கேட்கும். குறைந்த மதிப்பெண்ணோடு போகலாம். நிலுவைத் தாளோடு போக முடியாது.

இறுதித் தரவரிசைப் பட்டியலில் அவருடைய பெயர் பின்பகுதியில்தான் வந்தது. பட்டியலில் வந்த எல்லாருக்கும் அழைப்பு வரும் என்று உறுதியில்லை; காலியிடங்களைப் பொறுத்தது. அழைப்பு வந்தது.

இப்போது

ஓ.டி.ஏ. 1962 போருக்குப் பிறகு அதிகாரிகள் பற்றாக்குறையைச் சமாளிக்க 1963-ல் தொடங்கப்பட்டது. பயிற்சி 49 வாரங்கள். அணிவகுப்பு மைதானத்துக்கு, 1987-ல் இலங்கையில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். அவரும் அங்கே பயிற்சி பெற்றவர்தான். அங்கும் வகுப்புகளும் தேர்வுகளும் உண்டு. தேறாவிட்டால் ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளுவார்கள். கல்லூரியில் அரியர் என்று அசட்டையாக இருந்த விஷயம், அங்கே தோழர்கள் அதிகாரிகளாகி நட்சத்திரம் அணிந்து போகும்போது தான் மட்டும் நிற்பதாகும். முதல் பருவத்தில் வரைபடப் பாடத்தில் திணறினார் என்று தெரியும். எழுந்து கேட்டாராம். தேறிவிட்டார்.

இவரைப் பார்த்து இந்த ஆண்டு இதே போன்ற மதிப்பெண்ணோடு மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவருக்கு இரண்டு அரியர் நிற்கிறது. அதைத் தீர்க்கும்வரை எஸ்.எஸ்.பி. புத்தகம் எதையும் வாங்க வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன். இரண்டாமவருக்கு 49.2 சதவீதம். அவர் மேம்பாட்டுத் தேர்வு எழுதி என்.சி.சி. நுழைவுக்கான 50-ஐத் தொட முடியுமா என்று பல்கலைக்கழக விதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், முடியாவிட்டால் சி.டி.எஸ். இருக்கிறது. மூன்றாமவருக்கு 25 கடந்துவிட்டது. அவருக்கு ஓ.டி.ஏ. இல்லை என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. பட்டமும் நிலையான வருமானமும் உள்ளவர்கள் 42 வயதுவரை விண்ணப்பிக்கக்கூடிய பிராந்திய ராணுவம் என்ற ஒன்று இருக்கிறது. அது முழுநேரப் பணி அல்ல, அவர் நினைத்து வந்ததும் அல்ல. அறிவிப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். படித்துவிட்டுத்தான் வருவேன் என்றார்.